வன உரிமைக்கு மனு எழுதுவது எப்படி: ஊர்க்கூட்டத்தில் தொடங்கிப் பட்டா வரை

திங்கட்கிழமை காலையில் ஆட்சியர் அலுவலக வாசலில் மனுவோடு நிற்கும் மலைக்கிராமத்துக்காரர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். முதல் பஸ்ஸைப் பிடித்து, ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்திருப்பார்கள். 'தாத்தா காலத்திலிருந்து உழும் நிலத்துக்குப் பட்டா வழங்குமாறு' என்று மனுவில் இருக்கும். அது வட்டாட்சியருக்குப் போகும், அங்கிருந்து வனத்துறைக்குப் போகும். கடைசியில் 'காப்புக்காடு என்பதால் பட்டா வழங்க இயலாது' என்று ஒரு வரியில் பதில் வரும். அவர்கள் கேட்டதில் தவறில்லை, கேட்ட இடம்தான் தவறு. வன உரிமை கேட்க வேண்டிய முதல் இடம் அவர்களுடைய ஊர்க்கூட்டம்.

2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. 2007 டிசம்பர் 31 முதல் நடைமுறையில் உள்ளது. விதிகள் 2008இல் வந்தன, 2012 செப்டம்பரில் திருத்தப்பட்டன. இந்தச் சட்டம் யாருக்கும் புதிதாக நிலம் கொடுப்பதில்லை. ஏற்கெனவே இருந்தும் ஆங்கிலேயர் காலத்திலிருந்து எழுத்தில் ஏறாமல் போன உரிமையை அங்கீகரிக்கிறது. காட்டில் வாழ்ந்தவர்களுக்கு 'வரலாற்று அநீதி' நடந்தது என்று சட்டத்தின் முகப்புரையிலேயே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். ஆகவே நீங்கள் எழுதப் போவது கருணை மனு இல்லை, உரிமைக் கோரல். எழுதும்போதே அந்த நிமிர்வு இருக்கட்டும்.

யார் கேட்கலாம்

பழங்குடியினராக இருந்தால் 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்தே காட்டில் அல்லது காட்டு நிலத்தில் வசித்து, வாழ்வாதாரத்துக்கு அதை நம்பியிருந்திருக்க வேண்டும். இந்தச் சட்ட மசோதா மக்களவையில் தாக்கலான நாள் அது. பழங்குடி அல்லாதவர்களும் கேட்கலாம். ஆனால் அந்தத் தேதிக்கு முன்பு மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டுகள், குடும்பம் காட்டை நம்பி அங்கே வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். அந்த 75 ஆண்டும் இப்போது கேட்கும் அதே துண்டு நிலத்தில்தான் பயிர் செய்திருக்க வேண்டும் என்று அர்த்தமில்லை. பலரை இதைச் சொல்லித் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள்.

சாதிச் சான்றிதழ் விஷயம் தமிழ்நாட்டில் பெரிய வேதனை. சேலம், தருமபுரியில் மலையாளி சமூகத்தார் பழங்குடிப் பட்டியலில் இருக்கிறார்கள். ஈரோடு மாவட்ட மலைகளில் வாழும் அதே சமூகத்தார் பட்டியலில் இல்லை. சான்றிதழ் கைக்கு வரும்வரை காத்திருக்க வேண்டாம். 75 ஆண்டு ஆதாரம் இருந்தால் 'பிற பாரம்பரிய வனவாசி' என்று கோரலாம். கோரும் உரிமைகள் ஒன்றேதான்.

புலிகள் காப்பகம், சரணாலயம், தேசியப் பூங்கா எதுவானாலும் சட்டம் பொருந்தும். முதுமலை, ஆனைமலை, சத்தியமங்கலம், களக்காடு முண்டந்துறை என்று பெயர் சொல்லி 'அங்கெல்லாம் கிடையாது' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

மூன்று படிவங்கள், அதில் மறந்துபோகும் ஒன்று

படிவம் ஏ தனிநபர் உரிமைக்கு: வீடு, உழும் நிலம். அதிகபட்சம் 4 ஹெக்டேர், ஏறக்குறைய 10 ஏக்கர். அதற்குள்ளும் உண்மையில் அனுபோகத்தில் இருப்பது மட்டுமே கிடைக்கும். படிவம் பி சமூக உரிமைக்கு: ஆடு மாடு மேய்ப்பது, மீன் பிடிப்பது, தேன், கடுக்காய், நெல்லி, சீமாறு, மூங்கில் போன்ற சிறுவனப் பொருட்களைச் சேகரித்து விற்பது. படிவம் சி சமூக வன வள உரிமைக்கு: ஊர் பரம்பரையாகப் புழங்கிய காட்டைக் காப்பது, மேலாண்மை செய்வது.

எல்லோரும் ஏ படிவத்தைத்தான் முதலில் கேட்கிறார்கள். நியாயமான ஆசைதான். ஆனாலும் நான் போகிற இடமெல்லாம் சியை முதலில் எழுதுங்கள் என்று மன்றாடிக் கேட்பேன். இரண்டு ஏக்கர் ராகிக்காடு குடும்பத்துக்குச் சில மாதச் சோறு போடும். மற்ற மாதங்களுக்குத் தேனும் கிழங்கும் விறகும் மேய்ச்சலும் கொடுப்பது சுற்றியிருக்கும் காடு. அதை விட்டுவிட்டு வயலுக்கு மட்டும் பட்டா வாங்கினால், வயலைத் தாண்டிக் கால் வைக்கும்போது மறுபடியும் நீங்கள் அத்துமீறியவர்.

மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் மேந்தா லேகா என்ற கோண்டு கிராமம் 2009இல் சுமார் 1,800 ஹெக்டேர் காட்டுக்குச் சமூக உரிமை பெற்றது. மூங்கில் யாருடையது என்ற இழுபறி அதன் பிறகும் நீடித்தது. 2011இல் மூங்கிலை வெளியே கொண்டுசெல்லும் அனுமதிச் சீட்டைக் கிராம சபையே எழுதும் அதிகாரம் அவர்கள் கைக்கு வந்தது. ஊர் மொத்தமாகக் கேட்டதால் கிடைத்தது அது.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. 2012 திருத்த விதிகளின்படி வனவாசிகள் உள்ள எல்லாக் கிராமங்களுக்கும் சமூக வன வள உரிமை அங்கீகரிக்கப்படுவதை ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் குழுவே உறுதிசெய்ய வேண்டும். ஒரு கிராமத்துக்கு அது கிடைக்கவில்லை என்றால் ஏன் என்று காரணத்தைப் பதிவு செய்ய வேண்டும். உங்கள் ஊருக்கு என்ன காரணம் எழுதியிருக்கிறார்கள் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டுப் பாருங்கள்.

ஊர்க்கூட்டமும் குழுவும்

கிராம சபை என்றதும் ஊராட்சி முழுவதற்கும் சேர்த்து ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போன்ற தேதிகளில் கீழ்நாட்டில் நடக்கும் கூட்டம் நினைவுக்கு வரும். மேலே இருக்கும் நாற்பது குடும்பத்தின் குரல் அங்கே எடுபடாது. வன உரிமைச் சட்டம் 'கிராமம்' என்ற சொல்லுக்குள் பழைய குடியிருப்புகளையும் அளக்கப்படாத ஊர்களையும் சேர்த்தே சொல்கிறது. உங்கள் பதி, மந்து, காணிக்குடியிருப்பு எதுவோ அந்த அளவிலேயே சிறப்புக் கிராம சபை கூட்டித் தரும்படி ஊராட்சிக்கும் கோட்டாட்சியருக்கும் எழுதிக் கொடுங்கள். கொடுத்ததற்கு ஒப்புகை வாங்குங்கள்.

கூட்டத்தில் உறுப்பினர்களில் பாதிப் பேராவது இருக்க வேண்டும். வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்காவது பெண்கள். கோரிக்கைகள் மீது தீர்மானம் போடும் நாளில் மனுதாரர்களில் பாதிப் பேராவது, அல்லது அவர்கள் சார்பில் ஒருவராவது, உட்கார்ந்திருக்க வேண்டும். இந்த எண்ணிக்கை குறைந்தால் பின்னால் மேலே யாராவது அதைச் சுட்டிக்காட்டித் தீர்மானத்தையே தள்ளிவிடலாம். வேலைக்குப் போகாத நாளாகப் பார்த்து வையுங்கள். சமையல் முடிந்து பெண்கள் வர முடிகிற நேரமாகவும் இருக்கட்டும்.

முதல் கூட்டத்தில் வன உரிமைக் குழுவைத் தேர்ந்தெடுங்கள். 10 முதல் 15 பேர். மூன்றில் இரண்டு பங்கு பழங்குடியினர், மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் பெண்கள். தலைவரையும் செயலாளரையும் குழுவே தேர்ந்தெடுக்கும். இதில் அதிகாரிகள் யாரும் உறுப்பினர் கிடையாது. வனவர் செயலாளராக இருக்கும் 'கிராம வனக் குழு' வேறு, இது வேறு. பெயர் கிட்டத்தட்ட ஒன்றாக இருப்பதால் 'உங்கள் ஊரில்தான் ஏற்கெனவே குழு இருக்கிறதே' என்று சொல்லி முடித்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

குழு அமைந்ததும் கிராம சபை மனுக்களை அழைக்கும். மூன்று மாத அவகாசம், தேவைப்பட்டால் கிராம சபையே நீட்டிக்கலாம். படிவங்கள் இலவசமாகக் கிடைக்க வேண்டும். எந்தக் கட்டணமும் இல்லை. 'பட்டா வாங்கித் தருகிறேன்' என்று ஆளுக்கு இவ்வளவு என வசூலிப்பவரை ஊருக்குள் விடாதீர்கள்.

எழுதுவதற்கு முன் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். பெரியவர்கள் '2008லேயே கொடுத்தோமே' என்பார்கள். உண்மையாக இருக்கலாம். தமிழ்நாட்டில் 2008இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் இடைக்கால உத்தரவால் பட்டா வழங்குவது நின்றுபோனது. உச்ச நீதிமன்றம் 2016இல்தான் அந்தத் தடையை நீக்கியது. அந்த எட்டு ஆண்டில் எத்தனையோ மனுக்கள் கட்டுக்குள் தூங்கின. பழைய மனு என்ன ஆனது என்று எழுத்தில் கேளுங்கள். அதன் நகல் கிடைத்தால் அதுவே நல்ல ஆதாரம்.

ஆதாரம் சேர்ப்பது

இங்கேதான் மக்கள் பயந்து பின்வாங்குகிறார்கள். 'எங்ககிட்ட ஒரு காகிதமும் இல்லை' என்பார்கள். விதியில் கேட்பது குறைந்தது இரண்டு ஆதாரங்கள், அவை காகிதமாகவே இருக்க வேண்டும் என்றில்லை. குறிப்பிட்ட ஓர் ஆவணம்தான் வேண்டும் என்று வற்புறுத்தவும் கூடாது. செயற்கைக்கோள் படம் மற்ற ஆதாரங்களுக்குத் துணையாக வரலாம். அதை மட்டும் வைத்து 'அன்று அங்கே காடுதான் தெரிகிறது' என்று நிராகரிக்க முடியாது.

முதலில் வீட்டுக்குள் தேடுங்கள். ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை, வீட்டு வரி ரசீது. அப்புறம் வேண்டாத காகிதங்கள் என்று சுருட்டி வைத்திருப்பவை. காட்டில் உழுததற்கு வனத்துறை போட்ட அபராத ரசீது, ஆக்கிரமிப்பு என்று கிராம நிர்வாக அலுவலர் கொடுத்த பி மெமோ, பழைய வழக்கின் சம்மன். அன்றைக்கு அழவைத்த காகிதம் அது. ஆனால் இந்தத் தேதியில், இந்த இடத்தில், இவர் உழுதுகொண்டிருந்தார் என்று அரசே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த சாட்சியும் அதுதான். ஒரு பாட்டி இருபது வருட ரசீதுகளைத் தகர டப்பாவில் அடுக்கி வைத்திருந்தார். அவமானம் என்று நினைத்து யாரிடமும் காட்டாமலே இருந்திருக்கிறார். அவற்றைப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

அடுத்து நிலத்துக்குப் போங்கள். கல் அடுக்கிய வரப்பு, சமன்படுத்திய தட்டு, கிணறு, தடுப்பணை, பழைய வீட்டின் அடித்தளம் எல்லாம் ஆதாரம். மூதாதையரைப் புதைத்த இடமும் ஊர்த்தெய்வத்தின் கல்லும் ஊரின் பழமையைச் சொல்லும். எவர் நட்ட பலாமரம், எத்தனை தலைமுறை அதில் காய் பறித்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். ஒவ்வொன்றையும் போட்டோ எடுக்கும்போது பக்கத்தில் அந்தக் குடும்பத்தில் ஒருவர் நிற்கட்டும்.

மூன்றாவது, பெரியவர்களின் வாக்குமூலம். இதில் ஒரு நுணுக்கம் உண்டு: வாக்குமூலம் கொடுப்பவர் மனுதாரராக இருக்கக் கூடாது. சின்ன ஊரில் எல்லாப் பெரியவர்களும் மனுதாரர்களாகவே இருப்பார்கள். அப்போது பக்கத்து ஊரில் பெண் கொடுத்து எடுத்த உறவில் வயதானவர் ஒருவரைக் கூட்டி வாருங்கள். 'நீங்கள் காலங்காலமாக வாழ்கிறீர்களா' என்று கேட்டால் 'ஆமாம்' என்பதோடு முடிந்துவிடும். எந்தப் பாறையில் தேன் எடுத்தீர்கள், அது எந்தக் குடும்பத்துப் பாறை, பஞ்ச காலத்தில் எந்தப் பக்கம் கிழங்கு தோண்டினீர்கள், மாட்டுப்பட்டி எங்கே போட்டீர்கள் என்று கேளுங்கள். பதிலை அவர் சொன்ன வார்த்தைகளிலேயே எழுதி, வாசித்துக் காட்டி, கைநாட்டு வாங்குங்கள். குடும்ப வம்சாவளியையும் ஒரு தாளில் வரைந்து இணைக்கலாம்.

நான்காவது, அரசிடம் இருப்பது. வனத்துறையின் செயல்திட்ட அறிக்கைகள், காப்புக்காடு அறிவித்தபோது நடந்த விசாரணைப் பதிவுகள், பழைய வரைபடங்கள், மாவட்ட விவரக் குறிப்புகள் இவற்றில் உங்கள் ஊரின் பெயர் இருக்கக்கூடும். இவற்றைக் கேட்டு எழுதும் அதிகாரம் கிராம சபைக்கும் வன உரிமைக் குழுவுக்கும் உண்டு. சான்றளித்த நகலைத் தர வேண்டியது சம்பந்தப்பட்ட அதிகாரிகளின் கடமை.

காட்டின் எல்லையை வரைவது

படிவம் சியின் உயிர் அதன் வரைபடம். இதற்கு இன்ஜினீயர் தேவையில்லை. ஒரு பெரிய தாளைத் தரையில் விரித்து, முதலில் ஓடைகளை வரையச் சொல்லுங்கள். அப்புறம் பாறைகள், குகைகள், சாமி இருக்கும் இடங்கள், யானைத் தடம், மேய்ச்சல் காடு, தேன் மரங்கள். ஒவ்வொன்றுக்கும் ஊரில் ஒரு பெயர் இருக்கும். அந்தப் பெயரையே எழுதுங்கள். பெயர் வைத்தவர்கள் அங்கே புழங்கியவர்கள் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டுமா?

பெண்களைத் தனியாக உட்கார வைத்து இன்னொரு படம் வரையச் சொல்லுங்கள். இரண்டு படமும் ஒன்றாக இருக்காது. ஆண்கள் தேன் பாறையைக் காட்டுவார்கள், பெண்கள் கிழங்கும் கீரையும் விறகும் தண்ணீரும் இருக்கும் இடங்களைக் காட்டுவார்கள். இரண்டையும் சேர்த்தால்தான் ஊரின் காடு முழுமையாகும்.

பிறகு எல்லையை நடந்து பாருங்கள். மொபைலில் ஜிபிஎஸ் புள்ளிகள் எடுத்தால் நல்லது. சிக்னல் இல்லையென்றாலும் அந்தப் புள்ளிகள் பதிவாகும். நடக்கும் நாளில் அடுத்த ஊர்ப் பெரியவர்களையும் அழைத்துக்கொள்ளுங்கள். ஒரே மேய்ச்சல் காட்டை இரண்டு ஊரும் புழங்கினால் இரண்டு ஊர்க் குழுக்களும் கூடி உட்கார்ந்து, பங்கிட்டுப் புழங்கும் முறையை எழுதி வைக்கலாம். இதைச் செய்யாமல் விட்ட இடங்களில் ஊருக்கும் ஊருக்கும் சண்டை மூண்டு, மனு அப்படியே கிடந்துபோகும்.

சரிபார்ப்பு நாள்

மனுவைப் பெற்ற வன உரிமைக் குழு ஒப்புகை தர வேண்டும். பிறகு மனுதாரருக்கும் வனத்துறைக்கும் வருவாய்த்துறைக்கும் முன்கூட்டியே எழுத்தில் தகவல் சொல்லி, நிலத்தை நேரில் பார்க்கும். தன் சொந்த மனு வரும்போது அந்தக் குழு உறுப்பினர் ஒதுங்கியிருக்க வேண்டும்.

அதிகாரிகள் வந்து, பதவி, தேதி, கருத்துடன் கையெழுத்திட வேண்டும். வரவில்லை என்றால்? குழு தன் வேலையை முடிக்கலாம். அவர்கள் பின்னால் ஆட்சேபம் சொன்னால் மனு மறு சரிபார்ப்புக்குக் கிராம சபைக்குத் திரும்பும். அப்போதும் வராவிட்டால் கள ஆய்வில் கிராம சபையின் முடிவே இறுதி. இதற்காகத்தான் அழைப்புக் கடிதத்தின் ஒப்புகையைப் பத்திரமாக வைக்கச் சொல்கிறேன்.

சரிபார்ப்பு முடிந்ததும் கிராம சபை மறுபடி கூடித் தீர்மானம் போடும். தீர்மானப் புத்தகத்தின் பக்கங்களையும் கையெழுத்துப் பட்டியலையும் போட்டோ எடுத்து மூன்று பேரிடமாவது வையுங்கள். மூல ஆவணக் கட்டை யார் கேட்டாலும் நகல் எடுக்காமல் கொடுக்காதீர்கள். நான் கூட இருந்த ஓர் ஊரில் மொத்தக் கட்டும் ஓர் அலுவலகத்தில் காணாமல் போனது. ஒரு இளைஞர் போனில் எடுத்து வைத்திருந்த படங்களால்தான் மறுபடி எழுத முடிந்தது.

மேலே இரண்டு படிகள்

தீர்மானம் கோட்ட அளவிலான குழுவுக்குப் போகும். கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர் தலைவர். அங்கிருந்து ஆட்சியர் தலைமையிலான மாவட்ட அளவிலான குழுவுக்கு. இரண்டிலும் வனத்துறை அதிகாரி உண்டு, மக்கள் பிரதிநிதிகள் மூவரும் உண்டு. வனத்துறை ஒன்று மட்டும் மறுத்தால் அது குழுவின் முடிவாகாது.

மனுவில் குறை இருந்தால் நிராகரிக்காமல் கிராம சபைக்குத் திருப்பி அனுப்ப வேண்டும் என்பது விதி. நிராகரித்தால் காரணத்தை எழுத்தில், மனுதாரர் கையில் நேரில் தர வேண்டும். கிராம சபைத் தீர்மானத்தில் குறை இருந்தால் கோட்டக் குழுவிடமும், கோட்டக் குழு முடிவில் குறை இருந்தால் மாவட்டக் குழுவிடமும் 60 நாட்களுக்குள் முறையிடலாம். மேலும் 30 நாள் நீட்டிப்பும் கேட்கலாம். காரணம் கையில் வராதவரை 'உங்க மனு தள்ளுபடி ஆகிடுச்சு' என்ற வாய்ப்பேச்சை ஏற்க வேண்டாம். மாவட்டக் குழுவின் முடிவே இந்த ஏணியின் கடைசிப் படி. அதன் பிறகு உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு பழங்குடியினருக்கு இலவச வழக்கறிஞரை ஏற்பாடு செய்யும்.

இடையில் காலி செய்யச் சொன்னால்

சரிபார்ப்பும் அங்கீகாரமும் முடியும்வரை யாரையும் வெளியேற்றக் கூடாது என்று சட்டத்தின் 4(5) பிரிவு சொல்கிறது. இந்த எண்ணை ஊரில் எல்லோரும் மனப்பாடமாக வைத்திருங்கள். 2019 பிப்ரவரி 13 அன்று, மனு நிராகரிக்கப்பட்டவர்களை வெளியேற்ற உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டபோது நாடு முழுக்க மலைக்கிராமங்கள் நடுங்கின. அதே மாதம் 28ஆம் தேதி அந்த உத்தரவை நீதிமன்றமே நிறுத்தி வைத்தது. பழங்குடியினரின் வன உரிமையை அனுபவிக்கவிடாமல் தடுப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் குற்றம் என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

புலிகள் காப்பகத்திலிருந்து 'தானாக முன்வந்து' இடம்பெயரச் சொல்லிப் பணம் பேசினால், முதலில் உரிமையை அங்கீகரியுங்கள், பிறகு பேசலாம் என்று கிராம சபையில் எழுதிவையுங்கள். அந்த வரிசை சட்டத்திலேயே இருக்கிறது. கிராம சபையின் சொல்லுக்கு எவ்வளவு கனம் உண்டு என்பதை ஒடிசாவின் நியம்கிரி மலையில் பார்த்தோம். 2013இல் உச்ச நீதிமன்றம் சுரங்க விவகாரத்தைக் கிராம சபைகளின் முன் வைக்கச் சொன்னது. டோங்ரியா கோந்து மக்கள் வாழும் அந்த மலையில் 12 கிராம சபைகள் கூடின, 12உம் வேண்டாம் என்றன.

அங்கன்வாடி, ரேஷன் கடை, சாலை, குடிநீர்க் குழாய், மின்கம்பி போன்றவற்றுக்குப் பட்டா வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. ஒவ்வொன்றும் ஒரு ஹெக்டேருக்குள், ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மிகாமல் வெட்டுவதாக இருந்தால், கிராம சபைப் பரிந்துரையுடன் 3(2) பிரிவில் கேட்கலாம்.

கையில் பட்டா வந்த பிறகு

வாங்கும் இடத்திலேயே படித்துப் பாருங்கள். கணவன் மனைவி இருவர் பெயரும் இருக்க வேண்டும், தனியாக வாழும் பெண் என்றால் அவர் பெயரில் மட்டும். பரப்பளவு மனுவில் கேட்டதோடு ஒத்துப்போகிறதா? மூன்று ஏக்கர் கேட்டவருக்கு முப்பது சென்ட் எழுதியிருந்தால் அதுவும் ஒரு வகை நிராகரிப்புதான், அதற்கும் காரணம் கேட்டு முறையிடலாம். இந்த நிலத்தை விற்க முடியாது, வேறு யாருக்கும் மாற்றிக் கொடுக்க முடியாது, பிள்ளைகளுக்குப் போகும். மூன்று மாதத்துக்குள் வருவாய், வனப் பதிவேடுகளில் உங்கள் உரிமையை ஏற்ற வேண்டும். ஏற்றினார்களா என்று போய்ப் பாருங்கள். பல ஊர்களில் பட்டா சட்டமிட்டுச் சுவரில் தொங்குகிறது, பதிவேட்டில் ஒன்றும் இல்லை.

சமூக வன வள உரிமை கிடைத்த ஊர், காட்டைப் பார்த்துக்கொள்ள ஒரு குழுவைக் கிராம சபையில் தேர்ந்தெடுக்க வேண்டும். எந்தப் பகுதியில் எந்த மாதம் மேய்க்கலாம், தேனெடுக்கும்போது கூட்டில் எவ்வளவு விட்டுவைக்க வேண்டும், தீ பிடித்தால் யார் ஓட வேண்டும் என்று அந்தக் குழு எழுதட்டும். பெரியவர்களுக்கு இதெல்லாம் ஏற்கெனவே தெரியும், எழுத்தில் ஏற்றினால் போதும். சிறுவனப் பொருட்களை வெளியே கொண்டுசெல்லும் அனுமதிச் சீட்டையும் இந்தக் குழுதான் கொடுக்கும். அதற்கு எந்தக் கட்டணமும் வசூலிக்கக் கூடாது. ஒரு சீட்டுப் புத்தகம் அச்சடித்து, ஊர்ப் பெயரில் முத்திரை செய்து, வன அலுவலருக்கும் சோதனைச் சாவடிக்கும் மாதிரியின் நகலைக் கொடுத்துவிட்டு, முதல் தேன் சீசனுக்கு முன்பே தயாராக வைத்திருங்கள்.